ஒரே அடியில் குணம்

பகல் காட்சி. அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. நல்ல சிரிப்புப் படம் என்று யாரோ சொன்னதை நம்பி அண்ணனை அழைத்து வந்த தங்கைக்கு இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. திரையில் மனநல மருத்துவமனைக் காட்சி ஓடுகிறது. கிழிந்த சட்டையும் பரட்டைத் தலையுமாக ஒருவன் செருப்பைக் காதில் வைத்து யாருடனோ பேச, அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. அப்படி ஓர் இடத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு, போன வாரம்தான் வீடு திரும்பிய அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில், சோளப்பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்க்கிறான். திரையின் வெளிச்சம் அவன் முகத்தில் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறிமாறி விழுகிறது.

“எழுந்து போயிடலாமாண்ணா?” என்று அவள் கிசுகிசுக்கிறாள்.

“இரு, இரு.”

திரையில் அந்த ஆளின் மண்டையில் பூந்தொட்டி ஒன்று விழுகிறது. மறுகணமே புத்தி தெளிந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிறான். கைதட்டல் காதைப் பிளக்கிறது. அண்ணன் அவள் பக்கம் சாய்கிறான். “ஒரு பூந்தொட்டியில முடிஞ்சுபோச்சு பாரு. நான்தான் வேலை மெனக்கெட்டு மாத்திரை முழுங்கிட்டிருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. கூடவே கண்ணும் நிறைகிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து, மாத்திரை போட்டாயா, தூங்கினாயா என்பதைத் தவிர அவனிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. “அங்க உனக்கு நெஜமா எப்படிண்ணா இருந்துச்சு?”

அண்ணன் திரையிலிருந்து முகத்தைத் திருப்புகிறான். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பிக்கிறான். முன்வரிசையிலிருந்து யாரோ “உஷ்” என்கிறார்கள். அவன் நிறுத்தவில்லை.