துண்டு போட்ட பேரம்

"ஒரு ஊசி ஒண்ணே முக்கால் லட்சம்மா. மூணு வாரத்துக்கு ஒண்ணு வீதம் எட்டு ஊசி. நடுவுல ஸ்கேன் எடுத்துப் பாத்துக்குவோம்" என்றார் டாக்டர் பரணிதரன்.

அகிலாண்டம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து இருமி முடித்தாள். "அந்தக் காசுக்கு ஒரு ஜோடிக் காளையே வரும். என்னைச் சந்தையில கட்டுனா எவன் கேப்பான்?"

அவள் கணவர் நாகநாதன் சிரிக்கவில்லை. நாற்பது வருஷ மாட்டுத் தரகர். நீடாமங்கலத்திலிருந்து பட்டுக்கோட்டை வரை எந்தச் சந்தையிலும் சொன்ன விலைக்கு ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கியதில்லை. இவள் கழுத்தில் கட்டிய தாலிக்கே ஆசாரியிடம் செய்கூலி குறைத்தவர்.

"பல்லைப் பிடிச்சுப் பாக்காம மாடு வாங்க முடியுமா தம்பி? இந்த மருந்து உள்ள போயி என்ன பண்ணும், அதைச் சொல்லுங்க."

"நம்ம உடம்புல காவல் அணுக்கள் சுத்திக்கிட்டே இருக்கும்ங்க ஐயா. கெட்டுப்போன அணுவைக் கண்டா கொன்னுடும். அம்மா நுரையீரல்ல இருக்கிற புற்று கெட்டிக்காரப் புற்று. வர்ற காவல் அணுவோட கையைப் பிடிச்சு, 'நானும் இந்த வீட்டு ஆளுதான், நீ போ'ன்னு அழுத்துது. அதுவும் நம்பிப் போயிடுது."

நாகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையைப் பிடிச்சா? அட, நாங்க துண்டு போட்டு விலை பேசற மாதிரியில்ல இருக்கு. துண்டுக்கு உள்ள விரலைப் பிடிச்சே முடிச்சிருவோம். பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"அதேதாங்க. இந்த மருந்து காவல் அணுவோட கையில உறை மாதிரி மாட்டிக்கும். புற்றால பிடிச்சு அழுத்த முடியாது. பேரம் முறிஞ்சிடும்."

"அப்ப மருந்து கொல்லாதா?"

"கொல்றது அம்மாவோட உடம்புதான். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். சில பேருக்குக் காவல் அணு வெறி பிடிச்சு நல்ல இடத்தையும் கடிச்சிடும், பாத்துக்கணும். ஆனா அம்மாவோட புற்றுல அந்தப் பிடிக்கிற கை ரொம்ப இருக்குன்னு சோதனையில வந்திருக்கு. கேக்கறதுக்கு நல்ல வாய்ப்பு."

தன் உடம்புக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறதா என்று அகிலாண்டத்துக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆனாலும் தரகர் துரைராசு பெற்ற மகள் அவள். பெருமைக்காகக் காசை விடுகிற வளர்ப்பு இல்லை.

"ஊசிக்கு நாப்பதாயிரம். அதுக்கு மேல ஒத்த ரூவா போனாலும் நான் பஸ் ஏறிடுவேன். பேராவூரணித் தென்னந்தோப்பு நம்ம பொண்ணு மாலதிக்குன்னு வச்சது. அதுல ஒரு மட்டையைக்கூட நீங்க தொடக் கூடாது" என்றாள் கணவரிடம்.

நாகநாதன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். "தம்பி, கையைக் கொடுங்க."

"ஐயா, இது கம்பெனி மருந்துங்க. மாடு இல்ல."

"கொடுங்க தம்பி."

டாக்டர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். துண்டு இரண்டு கைகளையும் மூடியது. நாகநாதனின் கண்கள் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தில் நிலைத்திருந்தன. டாக்டரின் நெற்றி வியர்த்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அகிலாண்டம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பதாயிரம். முடிஞ்சுது" என்று நாகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார். "ஆமாங்கம்மா. கம்பெனியில நான் பேசிக்கிறேன்."

அகிலாண்டம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "எந்தக் கையில போடுவீங்க?"

ஐந்தாறு மாதத்தில் எட்டு ஊசியும் முடிந்தது. உடம்பெல்லாம் அரித்தது, கால் ஓய்ந்து போனது, பல்லைக் கடித்துக்கொண்டாள். எலுமிச்சங்காய் அளவில் இருந்த கட்டி கடைசி ஸ்கேனில் புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. ஊசியைத் தொடர வேண்டுமா என்று அடுத்த ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

நாகநாதனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "மருந்துக் கம்பெனிக்காரனையே மடக்கிட்டாராமே அண்ணன்" என்று டீக்கடை சாரங்கபாணி ஊரெல்லாம் சொன்னார். "எல்லாம் விரல்ல இருக்குடா" என்று இவரும் மீசையைத் தடவினார். வாரா வாரம் பையில் நாலு தேங்காய் கொண்டுவந்து அடுக்களையில் வைத்தார். "தோப்புக் காய்தான். இந்த வருஷம் கொஞ்சம் சிறுத்துப்போச்சு."

அன்று காலை சந்தைக்குக் கிளம்பும்போது சொன்னார்: "நோட்டுல எழுதிடு அகிலாண்டம். எட்டு ஊசி, நாப்பதாயிரம் வீதம், மூணு லட்சத்து இருபதாயிரம். கணக்கு நேர்."

அவர் சொன்னபடியே எழுதினாள். பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

பேரம் நடந்தால் துண்டு, கோழியைக் கட்டிய சாக்குபோலத் துள்ளும் என்பது அப்பாவின் சந்தையில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? அன்று அந்தத் துண்டு ஒருதரம்கூட அசையவில்லை. உள்ளே அவர் டாக்டரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். வாரா வாரம் வந்த சிறுத்த தேங்காயும் கடையில் வாங்கியதுதான். நாற்பது வருஷத்தில் அந்த மனிதர் சொன்ன விலைக்கே வாங்கிய ஒரே உருப்படி அவள்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்து, அழுத்தமாக எழுதினாள்: 'தோப்பு விற்றுக் கொடுத்த வகையில் மொத்தம் 14,00,000. அவர் ஒப்புக்கொண்டது 3,20,000. மீதி 10,80,000, அகிலாண்டம் பேரில் பாக்கி.'