ஓட்டைப் படகில் ஒரு விசாரிப்பு

“ஏசி ஓடலை பாய்” என்று படகு ஓட்டும் பையன் வந்து சொன்னதும் காஜாவின் முகம் மலர்ந்தது. அதை அவசரமாக மறைத்துக்கொண்டு சத்தம் போட ஆரம்பித்தார்.

“ஓடலைன்னா? சொகுசுப் படகு, குளுகுளு கேபின்னு விளம்பரம் போட்டீங்களே. வெயில்ல காயறதுக்கா பொழிச்சலூர்லேர்ந்து வந்தோம்?”

“தப்புதான் பாய். மேல நிழல்ல உக்காருங்க, காத்து நல்லா வரும்.” பையனின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அவன் நகர்ந்ததும் காஜா மனைவி பக்கம் குனிந்தார். “பாத்தியா நஃபீசா, அந்தக் கத்து கத்தினேன். கோவமே வரலை.”

விஷயம் இதுதான். இவர்களுடைய ஒரே மகள் சோயாவுக்கு எல்லா நல்ல குணமும் உண்டு, கோபம் மட்டும் மூக்குக்கு மேல். பொறுமைசாலி மாப்பிள்ளையாக அமையாவிட்டால் இரண்டாம் மாதமே பெட்டியோடு வந்து நிற்பாள் என்று பெற்றவர்கள் பயந்து கிடந்தார்கள்.

கோவளம் பக்கத்து உப்பங்கழியில் படகு ஓட்டும் இர்ஃபானின் வரன் வந்ததும், பயணிகள்போலப் போய் ஆளை ஆழம் பார்ப்பது என்று காஜா முடிவு செய்தார். குணம் தெரிந்த பிறகுதான் போட்டோ என்பது இரண்டு வீட்டுக்கும் அவர் போட்ட சட்டம். அந்தப் படகுக்கு இர்ஃபான் ஒருவன்தான் டிரைவர் என்று தரகர் சொல்லியிருந்தார். பையனின் சட்டைப்பையிலும் அந்தப் பெயர் தைத்திருந்தது.

சட்டை அவனுக்கு இரண்டு அளவு பெரிது. “பாவங்க, வேளைக்குச் சாப்பிடறதில்லை போல” என்று நஃபீசாவுக்கு இப்போதே மாமியார்ப் பாசம் பொங்கியது.

படகு மோசமாக ஆக ஆக காஜாவின் குஷி கூடியது. மெத்தையிலிருந்து ஸ்பிரிங் குத்தியது, கத்தினார். லைஃப் ஜாக்கெட்டில் ஜிப் இல்லை, கத்தினார். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று நஃபீசா வந்து சொன்னபோது கொஞ்சம் நிஜமாகவே கத்தினார். பையன் ஒரு கயிறு கொண்டுவந்து, உள்ளேயிருந்து கட்டிக்கொள்ளும்படி முடிச்சுப் போட்டுக் கொடுத்தான்.

விளம்பரத்தில் வஞ்சிரம் வறுவல் இருந்தது. தட்டில் ஆறிப்போன முட்டை பப்ஸ் வந்தது.

“இதை மனுஷன் திம்பானா?”

“என் டிபன் பாக்ஸ்ல லெமன் சாதம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க” என்று பையன் தன் சாப்பாட்டை எடுத்து நீட்டினான். நஃபீசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு மணிக்கு நட்ட நடுவில் இன்ஜின் நின்றது. பையன் கையெல்லாம் எண்ணெயாக அதை நோண்டிக்கொண்டிருந்தான். படகு தன் இஷ்டத்துக்குச் சுற்ற ஆரம்பித்தது.

காஜாவுக்கு நிஜமான கவலை இப்போதுதான் வந்தது. “தம்பி, அஸர் தொழணும். மேற்கு பாத்து நின்னா படகு தெற்க திரும்புது, நான் என்ன பண்ண?”

“நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாத் தொழுங்க பாய். நான் திரும்பாம புடிச்சுக்கறேன்.”

பையன் கையைக் கழுவிவிட்டு வந்து, புதுத் துண்டு ஒன்றை விரித்துப் போட்டான். நீளமான மூங்கிலைத் தண்ணீருக்குள் சேற்றில் ஊன்றி, முழு பலத்தையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் தொழுது முடிக்கும்வரை படகு அசையவில்லை.

“அந்தப் புள்ள தொழலையேங்க” என்றாள் நஃபீசா மெதுவாக.

“நமக்காகப் படகைப் புடிச்சுகிட்டு நிக்கறான், எப்படித் தொழுவான்? கரைக்குப் போய்த் தொழுவான்” என்றார் காஜா. இப்படி ஒரு பிள்ளையை லைட் போட்டுத் தேடினாலும் கிடைக்காது என்று அவர் மனசுக்குள் நிக்காஹ்வுக்கு மண்டபமே பார்த்துவிட்டார்.

இன்ஜின் கடைசிவரை மசியவில்லை. மூங்கிலால் தள்ளித் தள்ளியே பையன் அவர்களைக் கரை சேர்த்தான்.

இறங்கியதும் காஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி இர்ஃபான், நான் கத்தினது எல்லாம் நடிப்பு. நான்தான் சோயாவோட அத்தா. எங்களுக்கு முழுச் சம்மதம். வீட்டுல பெரியவங்களைக் கூட்டிகிட்டு வாங்க.”

பையன் பேந்தப் பேந்த விழித்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

“பாய், நான் கதிரேசன். ராஜகீழ்ப்பாக்கம். இர்ஃபான் அண்ணன் இன்னைக்கு லீவு, அவர் டியூட்டிதான் நான் பாக்கறேன். டியூட்டிக்கு யார் வந்தாலும் இந்தச் சட்டையைத்தான் மாட்டணும், ஓனர் வேற தைக்கலை.”

காஜாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அரை நாள் பட்ட அவஸ்தையும் வீண், மனசில் கட்டிய கோட்டையும் போச்சு. நஃபீசா சிமென்ட் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அவன் எங்கே போயிட்டான்?” என்றார் காஜா எரிச்சலோடு.

“அது வந்து... தப்பா நினைக்காதீங்க பாய். பொண்ணு வீடு எப்படின்னு அக்கம்பக்கத்துல ரகசியமா விசாரிக்கணும்னு பொழிச்சலூர் போயிருக்கார்.”

காஜாவும் நஃபீசாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் இருப்பது சோயா ஒருத்திதான். காஜா பதறிப்போய் அவளுக்கு போன் போட்டார்.

“நல்ல வேளை கூப்பிட்டீங்க அத்தா” என்றாள் சோயா மூச்சு வாங்க. “எவனோ ஒருத்தன் நம்ம வீட்டைப் பத்தித் தெருவெல்லாம் கேட்டுகிட்டுத் திரிஞ்சான். நம்ம வாசல்லயே மடக்கிட்டேன்.”

“அய்யய்யோ, திட்டினியா?”

“ஒரு மணி நேரமா திட்டறேன் அத்தா, சிரிச்சுகிட்டே நிக்கறான்.”