பின்வாசல் பலகை

“அப்படியே நில்லு. பலகையைக் கீழ வைக்காதே. உங்கக்கா வந்து கண்ணால பார்க்கட்டும்.”

பட்டறையின் பின்வாசலில், தோளில் தேக்குப் பலகையோடு மச்சினன் விறைத்துப்போய் நின்றான். பாதிப் பலகை உள்ளே இருந்தது, பாதி வெளியே மழையில் இருந்தது.

சாப்பாட்டு நேரம் முழுக்க இழைப்பு மேடைக்குப் பின்னால் குந்தியிருந்ததில் தச்சருக்கு முழங்கால் மரத்துப் போயிருந்தது. நெஞ்சு வலித்தது வேறு காரணத்துக்கு. கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறு யாராவதாக இருந்திருக்கக் கூடாதா? கடையின் போர்டில் தன் பெயருக்குப் பக்கத்தில் இவன் பெயரையும் எழுதும்படி பெயிண்டரிடம் சொல்லிவிட்டு வந்த சூடுகூட ஆறவில்லை.

தச்சருக்கு ஊரில் ‘கம்ப்யூட்டர்’ என்று பட்டப்பெயர். அலமாரியோ கட்டிலோ, படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். எத்தனை பலகை, எத்தனை சட்டம், ப்ளைவுட் எவ்வளவு என்று வாய் தானாகச் சொல்லும். அறுக்கும்போது வீணாகிற சேதாரத்துக்கும் சேர்த்துத்தான் சொல்வார்.

கணக்குப் போட்டு மரம் வாங்கிப் போடுவது அவர் வேலை, அறுத்துச் சேர்ப்பது மச்சினன் வேலை. வந்து இறங்கிய சரக்கை அவர் திரும்ப எண்ணிப் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டருக்கு அது கௌரவக் குறைச்சல். மரம் பற்றாமல் வேலை நின்றது என்ற பேச்சு இந்தப் பட்டறையில் இன்றுவரை எழுந்ததில்லை.

வினையைக் கிளப்பியது மரக்கடைக்காரர்தான். “என்ன கம்ப்யூட்டர், உங்க மச்சான் அடிக்கடி தள்ளுவண்டியோட வந்துட்டுப் போறாரே, வேலை அமோகமா?” என்று போகிறபோக்கில் கேட்டுவிட்டார். பட்டறைக்கு மரம் எடுப்பது தச்சர் ஒருவர்தான். இவனுக்கு அங்கே என்ன வேலை?

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. புரண்டு புரண்டு படுத்ததில் ஒரு வழியாகப் புரிந்தது. சேதாரத்துக்கென்று அவர் தாராளமாகச் சேர்த்துப் போடும் பலகையை உருவி, வாங்கிய கடையிலேயே திருப்பி விற்கிறான். வேலையும் நிற்காது, வெளியிலும் தெரியாது. அவருடைய தாராளத்தை வைத்தே அவர் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான்.

“எத்தனை நாளாடா நடக்குது?”

“மாமா, நீங்க நினைக்கிற மாதிரி...”

“நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? திருடறதுதான் திருடறே, நல்ல தேக்கை இப்படியா நனைய விடுவே? முன்னாலயும் சொட்டுது, பின்னாலயும் சொட்டுது. மரத்தைத் தொடறவன் செய்யற காரியமா இது?”

சத்தம் கேட்டு மனைவி முன்னறையிலிருந்து ஓடி வந்தாள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வை செய்து விற்கிறவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், என்ன ஏது என்று கேட்கவில்லை.

“பாத்துக்கோ, உன் தம்பி லட்சணத்தை. உள்ள இருந்துக்கிட்டே கன்னம் வெச்சிருக்கான்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஆச்சரியப்படவே இல்லை என்பதுதான் அவரைச் சுட்டது.

“அப்போ, உனக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

தச்சர் மேடையைப் பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் ஒரு போர்வைக்கு மேல்துணி எத்தனை மீட்டர், அடித்துணி எத்தனை மீட்டர், ஓரப்பட்டிக்கு எவ்வளவு என்று அவரைக் கேட்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டாள். கொஞ்ச காலமாக அவளே கூட்டிக் கழித்துக்கொள்கிறாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து தன்னை ஓரங்கட்டுகிறார்கள் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

“கட்டினவளும் சரி, கூடப்பொறந்தவனா நினைச்சவனும் சரி, ரெண்டு பேரும் சேர்ந்து என் கழுத்தை அறுத்துட்டீங்க.” கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “சாவியை வெச்சுட்டுப் போடா. இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாதே. உன்னைப் போய் நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

மச்சினன் பலகையைச் சுவரில் சாய்த்தான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேடைமேல் வைத்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நாலு அறை கொடுத்து மனதை ஆற்றிக்கொண்டிருப்பார் தச்சர். அதற்கும் இடம் கொடுக்காமல் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினான்.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“நில்லுடா! சொல்லக் கூடாதுன்னு நான் வாங்கின சத்தியம் போதும். திருட்டுப் பட்டத்தோட போகாதே. சொல்லிடு.”

அவன் திரும்பினான். தச்சரின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

“நான் எதையும் எடுத்துட்டுப் போகல மாமா. கொஞ்ச நாளா உங்க கணக்குல விட்டுப்போற பலகையை வாங்கிட்டு வந்து வைக்கிறேன்.”