பட்டும் படாமலும்

“ரிமோட்ல பேட்டரி புதுசுதான். ஆனா பொத்தானை அமுக்கினா கார் பூட்டவே மாட்டேங்குது,” என்றான் அவன், பாத்திரம் தேய்த்தபடி. அந்த வேலைக்காக அம்மாவும் மனைவியும் தினமும் சண்டை போட்டதால், அது அவன் தலையில் விழுந்திருந்தது.

மனைவி ரிமோட்டைப் பிரித்தாள். “உள்ள தகடு படிஞ்சு கிடக்கு. பேட்டரியில பட்டும் படாமலும் இருந்தா கரன்ட் எப்படிப் போகும்?”

தகட்டை ரப்பரால் துடைத்து, லேசாக நிமிர்த்தினாள். பொத்தானை அமுக்கியதும் வாசலில் கார் ‘கீச்’ என்றது.

“பெரிய எஞ்சினியர்!” அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் பெருமூச்சுடன் வேலைக்குக் கிளம்பினான்.

கார் தெருமுனை தாண்டியதும் அம்மா கேரம் பலகையை எடுத்தாள். “நேத்து சாவியால பூட்டிட்டுச் சத்தமில்லாம வந்துட்டான். இதை ஒளிக்கிறதுக்குள்ள உயிரே போயிடுச்சுடி.”

“இனிமே கீச்சுன்னு கேட்டதும் சண்டையை ஆரம்பிச்சிடலாம் அத்தை.”