இகுவானாவைக் குளிப்பாட்டுகிறவன்

அவன் முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சூடு பார்த்தான்.

கொஞ்சம் பச்சைத்தண்ணீர் கலந்தான். மறுபடி பார்த்தான்.

பிறகுதான் இகுவானாவை இரண்டு கைகளாலும் ஏந்தி, பிளாஸ்டிக் தொட்டியில் மெல்ல இறக்கினான்.

சமையலறை வாசலில் அவள் பூசணித் துருவல் தட்டோடு நின்றிருந்தாள். அதன் தீனி.

அது வீட்டுக்கு வந்த அன்றே அவளுக்குக் குமட்டியது. கை நீளத்துக்கு ஒரு ராட்சத ஓணான் போல இருந்தது. முதுகு நெடுக முள். தாடைக்குக் கீழே தொங்கும் தோல். மூக்கால் உப்பைத் தும்மும். கண்ணாடிப் பெட்டியெங்கும் வெள்ளைப் புள்ளிகள். தோல் உரிந்தால் சோபாவில், சீப்பில், ஒருமுறை இட்லித் துணியில்கூடச் செதில் கிடந்தது.

கணவன் பூபதி ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கியதோடு விடவில்லை. திருப்பூரில் சரியான ஆள் இல்லையென்று கோயம்புத்தூர் வரை போய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தான். வீடியோ வீடியோவாகப் பார்த்தான். எந்தக் கீரை ஆகாது, அதற்குச் சூடு காட்டும் விளக்கை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், செம்பருத்தி இலையில் கால்சியம் பொடியை எப்படித் தூவ வேண்டும், எல்லாம் கற்றுக்கொண்டான். மதியம் கடையைப் பூட்டிவிட்டு, இதைக் குளிப்பாட்டவே வீட்டுக்கு வந்தான்.

"சாமி... கண்ணத் தொற சாமி."

அது வாலைத் தூக்கியது.

தண்ணீர் கலங்கியது. பழுப்பும் வெள்ளையுமாக மிதந்து வந்தது. நாற்றம் சமையலறை வரை அடித்தது.

அவன் முகம் சுளிக்கவில்லை. வெறுங்கையால் அள்ளிப் பேப்பரில் வைத்தான். வாலுக்கு அடியில் விரலை விட்டுப் பதமாகத் துடைத்தான். அழுக்குத் தங்கினால் புண்ணாகிவிடுமாம். மருத்துவர் சொன்னாராம்.

புண்.

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளறையில் மாமா படுத்திருந்தார். பூபதியின் அப்பா. பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று, டயப்பரைப் பிரித்ததும் பூபதி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். தனக்கு இதெல்லாம் ஆகாது, வாந்தி வந்துவிடும் என்றான்.

அன்றிலிருந்து அவள்தான்.

அவளுக்கும் வாந்தி வந்தது. எடுத்துவிட்டு வந்து மிச்சத்தைத் துடைத்தாள். அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

அவள் துடைக்கும்போது மாமா கண்ணை மூடிக்கொள்வார். மகன் இருக்க மருமகள் கை படுவதை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. மூடிய கண்ணின் ஓரம் ஈரமாகும்.

அவர் முதுகில் புண் வந்துவிட்டதென்று சொன்னபோது, பூபதி கதவருகே நின்றபடியே பவுடர் போடச் சொன்னான்.

இப்போது அவன் இகுவானாவின் விரலிடுக்கில் ஒட்டியிருந்த செத்த தோலை எடுத்துக்கொண்டிருந்தான். நகம் படாமல். ஒவ்வொரு விரலாக.

பிராணியைக்கூடப் பார்த்துவிடலாம் போலிருந்தது. அந்தக் கைகளைப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அம்மிணி..."

மாமாவின் குழறிய குரல். எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

தட்டைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுபடி கூப்பிட்டார்.

பூபதி நிமிர்ந்தான்.

"அப்பா கூப்பிடறாரு."

"கேக்குதுங்க."

அவன் காத்திருந்தான். அவள் எழவில்லை.

அப்புறம் குரல் வரவில்லை. கட்டில் மட்டும் கிரீச்சிட்டது. நின்றது. மறுபடி கிரீச்சிட்டது. அவர் தானாகப் புரண்டு படுக்கப் பார்க்கிறார். அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் இப்ப எல்லாம் பழகிருச்சே," என்றாள். "நீங்க போங்க. அத எங்கிட்டக் குடுங்க."

அவன் தொட்டியையும் உள்ளறையையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் நீட்டிய கைகளை மடக்கவில்லை.

துண்டில் சுற்றி அவள் மடியில் வைத்தான்.

முதல் முறையாக அதைத் தொட்டாள். ஈரத்தோல். உள்ளங்கையில் நகங்கள். தொண்டைக்கு ஏறி வந்ததை விழுங்கினாள். கையை எடுக்கவில்லை.

பூபதி நடந்தான். உள்ளறைக் கதவும் குளியலறைக் கதவும் பக்கத்தில் பக்கத்தில். அவள் திரும்பவில்லை.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

கை மட்டும் கழுவுகிறானா, அப்பாவைத் துடைக்க வாளியில் தண்ணீர் பிடிக்கிறானா?

மடியில் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தாள்.