தலைமாடு

தலையணையைத் தப்பான பக்கம் வைத்திருந்தான்.

கட்டில் அம்மாவுடையதுதான். கண்காட்சிக் கூடத்தின் நடுவே ஒரு வாசல்காலை நிறுத்தி, பாதி உள்ளே பாதி வெளியே என்று கட்டிலைப் போட்டிருந்தான். அந்தப் பக்கம் வீடாம், இந்தப் பக்கம் தெருவாம்.

தலையணை தெருப்பக்கம்.

"தலை வெளியே போயிடுச்சு. கால் இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கு. அந்த நடுவுலதான் எங்கம்மா பத்தொன்பது நாள் இருந்தாங்க" என்று தம்பி விளக்கிக்கொண்டிருந்தான்.

கைத்தறிப் புடவைகள் உச்சுக் கொட்டின. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பற்றிக்கொண்டும் வந்தது.

பத்தொன்பது நாளில் ஒரு நாளாவது எட்டிப் பார்த்தானா? கட்டிலை வாசலில் போட்டிருக்கிறோம் என்று பெர்லினுக்குப் போன் செய்து சொன்னதே அவள்தான். பெர்லின் துரை பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து இறங்கினார். அழுவான் என்று பார்த்தால், டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தான். கேட்டான், கொடுத்தாள். அம்மா ஞாபகமாக வைத்துக்கொள்வான் என்று நம்பிய தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வாசலுக்கு இழுத்துப் போடச் சொன்னது அம்மா.

தலைமாடு உள்ளே, கால்மாடு தெருவுக்கு. முதுகுக்கு இரண்டு தலையணை. தெருமுனையில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டால் போதும், கழுத்து தானாக எழும்.

ஒவ்வொரு ஆட்டோவிலும் மகன் வந்தான் அம்மாவுக்கு.

கூட்டம் பழரசத்தின் பக்கம் நகர்ந்தது.

அவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டினாள். தலையணையை எடுத்து உள்பக்கம் போட்டாள்.

தம்பி ஓடிவந்தான். கத்தவில்லை. கட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இப்படியா படுத்திருந்தாங்க? ஏன்க்கா?"

சொன்னால் இடிந்து உட்கார்ந்துவிடுவான் என்று ஒரு நொடி நினைத்தாள். பாவமாகக்கூட இருந்தது.

அவன் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தான். பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.

அவள் தலையணையைத் தட்டி, தெருப்பக்கமே திரும்ப வைத்தாள்.

"இல்லடா. நீ வெச்சதுதான் சரி."