உதிர்ந்து முளைக்கும் கால்

இந்த வருஷம் மட்டும் எனக்கு மூன்று தடவை கால் உதிர்ந்து, மூன்று தடவையும் முளைத்தது. என் மைத்துனன் வடமலை நம்பவில்லை.

"பட்டாளத்துப் புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா மாமா?"

"கூட வந்து பாருடா" என்று முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு, அடுத்த கட்டாயப் பரிசோதனைக்கு இழுத்துப் போனேன். அங்கே ஊனத்தை அளப்பது ஓர் இயந்திரம். அது என் செயற்கைக் காலைப் பறித்துக்கொண்டால் எனக்குக் கட்டிலே கதி. எனக்கோ கால் மணி நேரம் ஓரிடத்தில் உட்கார முடியாது.

"நொண்டி நடங்க மாமா" என்று வழியெல்லாம் பாடம் எடுத்தான்.

இயந்திரம் சுபேதார் குரலில் "நட!" என்றதுதான் தாமதம், நெஞ்சை நிமிர்த்தி, வேலூர்க் கோட்டையே அதிர மார்ச் பண்ணினேன். சல்யூட் வேறு!

"ஊனம் இல்லை. கால் தேவையில்லை" என்று கழற்றிக்கொண்டது.

"அந்தக் கால் இருந்ததாலதானே நடந்தாரு!" வடமலை கத்தினான்.

"கால் இல்லாமல் வந்தால் புதிதாகத் தரப்படும். அடுத்தவர்!"

வெயிலில் என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வீடு சேர்ந்தான். அவன் அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"மாமா காலு எங்கடா?"

"உதிர்ந்துடுச்சுக்கா," என்றான் மூச்சிரைக்க. "என் கண்ணு முன்னாடியே."